லாசர் காட்டிய சிலுவை

கொட்டச்சேட்டில் யாருக்காவது பாட்டன் பெயர் தெரியவில்லை என்றால் ஞானசுந்தரியிடம் வருவார்கள். கோவில் பதிவேடுகளிலும் பழைய செய்தித்தாள்களிலும் தேடித் தந்துவிடுவார்.

அவருடைய அம்மாவின் கல்லறையில் வெறும் சிலுவைதான். நாற்பது வருடமாகக் கல்லறைத் திருநாளில் அங்கே மெழுகுவத்தி ஏற்றுபவர், பெயர்க்கல் வைப்பதற்காக அம்மா இறந்த தேதியைத் தேடினார். அடக்கப் பதிவேட்டில் அமலோற்பவம் என்ற அம்மாவின் பெயரே இல்லை. 1987ஆம் வருடச் செய்தித்தாளில் இருந்தது, மறியல் செய்த பெண்களின் படத்துக்குக் கீழே. அம்மா 1984இல் செத்துப்போனதாகச் சொன்னவர் அப்பா லாசர்.

“ஏனுங்கப்பா, அந்தக் கல்லறைல இருக்கறது ஆருங்க?”

“தெரியாது கண்ணு. உங்கம்மா ஊட்டை விட்டுப் போனப்ப நீ நொம்ப அழுதே. ஏதோ ஒரு சிலுவையைக் காட்டுனேன்.”

“அம்மா உசுரோட இருக்கறாங்களா?”

லாசர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். “போன மாசி வரைக்கும் பக்கத்துல குப்பனூர்லதான் உசுரோட இருந்தா.”