அடுத்த மனைக்குப் போகும் தண்ணீர்

கருங்கல் சந்தைப் பக்கம் ஒரு மாடி அறையில் உட்கார்ந்து வீட்டுக்குப் பிளான் வரைவது என் பிழைப்பு. வருகிறவர்கள் எல்லோரும் கேட்பது ஒன்றைத்தான்: நல்ல டிசைன் வேண்டும். டிசைன் என்றால் அவர்களுக்கு முகப்புத் தூணும் கைப்பிடிச் சுவரின் பூவேலையும்தான். துபாயிலிருந்து போனில் படம் படமாக அனுப்புவார்கள். மழைத்தண்ணீர் எங்கே வழியும் என்று ஒருவரும் கேட்பதில்லை. எனக்கு அதுதான் எரிச்சல். கூரைத் தண்ணீரை அடுத்த மனையில் கொட்டிவிட்டு அழகு காட்டி நிற்கும் வீடு என்ன வீடு? சொன்னால், "அது அவனுக்க பாடு" என்பார்கள்.

நான் கடற்கரைக்காரன். இனயத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். எங்கள் பக்கம் பெண்ணைப் பெரும்பாலும் அடுத்த ஊரில்தான் கட்டிக்கொடுப்பார்கள். அக்காவையும் அப்படித்தான் கொடுத்தோம். கரையோடு நடந்தே போய்விடலாம். அவள் வீட்டுக்குப் பிளான் வரைந்தவன் நான். கூரைத் தண்ணீர் அவள் முற்றத்திலேயே விழும்படி வரைந்தேன். அத்தானின் வள்ளம் அதைவிட நல்ல டிசைன். அலை ஏறிக் கடக்க மூக்கு உயர்ந்திருக்கும், மணலில் வழுக்கி ஏற அடி வழவழப்பாக இருக்கும். அதைச் செய்தவன் கரையையும் சேர்த்து நினைத்துத்தான் செய்திருக்கிறான்.

எங்கள் ஊருக்குள் கடல் ஏறத் தொடங்கியபோது, தூண்டில் வளைவு வேண்டும் என்று ரோட்டில் உட்கார்ந்தோம். கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கல்சுவர் அது; ஓடும் மணலைப் பிடித்து நிறுத்தும். பிறந்த ஊர் போகிறதே என்று அக்காவும் வந்தாள். சோறும் சாளைக் குழம்பும் பானையோடு கொண்டுவந்து எல்லோருக்கும் விளம்பிவிட்டு, எங்களோடு வெயிலில் இருந்தாள். கல் வந்தது. பங்குச்சாமியார் தீர்த்தம் தெளித்து மந்திரித்தார். எங்கள் கரையில் மணல் சேர்ந்தது. அக்காவின் ஊருக்குப் போக வேண்டிய மணல் அது.

அதற்கடுத்த ஆனி ஆடியிலேயே அவளுடைய ஊர்க்கரை இடிய ஆரம்பித்தது. இப்போது அடுக்களைச் சுவருக்கு வெளியே கடல். வள்ளத்தை ஏற்றி வைக்க மணல் இல்லாமல் அத்தான் அதைத் தூரத்துத் துறைமுகத்தில் கட்டிப்போட்டிருக்கிறார்.

போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அக்கா வீட்டுக்குப் போனேன்.

"ஏலே, ஊருக்கெல்லாம் டிசைன் போடுதியே, எனக்க வீடு நிக்க ஒண்ணு போட்டுத் தரமாட்டியா?" என்றாள். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். என்னிடம் அப்படி ஒரு டிசைன் இல்லை. கோடு போடுகிற எவனிடமும் இல்லை என்றுதான் இப்போது தோன்றுகிறது. இங்கே நிறுத்தியது அங்கே போய் முட்டுகிறது. யார் வீட்டில் போய் முட்டட்டும் என்று முடிவு செய்வதற்குத்தான் டிசைன் என்று பெயர் வைத்திருக்கிறோம்.

"நாங்களும் கல்லு கேட்டு ரோட்டுல இருக்கப்போறோம்," என்றாள் அக்கா.

அவள் மகளைக் கட்டிக்கொடுத்திருப்பது அதற்கும் அடுத்த ஊரில்.

"இங்க கல்லு போட்டா கடல் உனக்க மொவளுக்க வீட்டுக்குல்லா போவும்?"

"தெரியும் மக்கா. அவளுக்கும் தெரியும். சோறும் கொழம்பும் நான் கொண்டு வாறேன்னு சொல்லியிருக்கா."