கல்மரக் காட்டில் விறகு

தலைமன்னாரிலிருந்து கப்பல் ஓடிக்கொண்டிருந்த காலம். நானும் மகளும் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கினோம். அக்கா குடும்பம் தேயிலைத் தோட்டத்தை விட்டு இந்தியாவுக்குப் போய் ஏழெட்டு வருஷம் ஆகியிருந்தது. தன் மகனுக்கு என் மகளைக் கேட்டு எழுதியிருந்தாள். முறைதான். ஆனால் ஊர் எப்படி என்று தெரியாது. மகள் பிறந்து வளர்ந்தது இலங்கையில், வட்டவளை மலையில். அங்கே மழை விடாது. தேயிலைக்குள் இறங்கினால் காலில் அட்டை ஏறி ரத்தம் குடிக்கும். பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று போனேன்.

பார்த்தேன். செம்மண், முள், அங்கங்கே ஒரு பனை. அவ்வளவுதான். பெண் தர முடியாது என்பதை அக்காவிடம் எப்படிச் சொல்வது என்றுதான் யோசித்தேன்.

மூன்றாம் நாள் அக்கா மகன், என் மருமகன், எல்லாரையும் கல்மரம் பார்க்கக் கூட்டிப்போனான். அரசாங்கம் வேலி போட்டுக் காக்கும் இடம். உள்ளே வெறும் மேடும் பள்ளமும். புல்கூட இல்லை. அதில் மரங்கள் படுத்துக் கிடந்தன. ஒன்று எங்கள் லயத்து வீட்டு வரிசையில் நாலு வீட்டு நீளம் இருக்கும்.

நான் கவ்வாத்து வெட்டுகிறவன். தேயிலைச் செடியை அளவாகக் குறைத்து வெட்டுவது என் வேலை. கட்டையைப் பார்த்தால் உள்ளே என்ன என்று தெரியும். குனிந்து பார்த்தேன். வளையம் வளையமாக வைரம். கிளை ஒடிந்த கணு. பூச்சி துளைத்த ஓட்டை. எல்லாம் அப்படியே இருந்தது. தொட்டால் கல். வெயிலில் சுட்டது. கையை எடுக்க மனம் வரவில்லை.

"கோடி வருஷத்துக்கு மேலயாம் மாமா. வெள்ளத்துல அடிச்சிக்கிட்டு வந்து, மண்ணுல பொதைஞ்சு இப்படி ஆயிருச்சாம்" என்றான் மருமகன்.

நான் வளையங்களை எண்ண ஆரம்பித்தேன்.

அப்போது காவல்காரர் சத்தம் போட்டார். "ஏ பொண்ணு, இன்னா பண்றே?"

திரும்பினேன். மகள் சிராய் சிராயாகக் கிடந்ததைப் பொறுக்கித் துண்டில் கட்டிக்கொண்டிருந்தாள். எங்கள் பெண்கள் மலையை விட்டு வெறுங்கையோடு இறங்க மாட்டார்கள். தலையில் ஒரு கட்டு விறகு இருக்கும். அந்தப் பழக்கம்.

"வெறகு…" என்றாள்.

"அது கல்லும்மா! ஒரு துண்டு வெளிய போவக்கூடாது. இத்த வெச்சி ஒலை ஏத்துனா எம் பேரன் கல்யாணத்துக்குத்தான் சோறு வேவும்." காவல்காரர் சிரித்தார்.

"ஏன்டி, தூக்கும்போது கனக்கலயா?" என்றாள் அக்கா.

"வைரம் பாஞ்ச கட்டைன்னு நெனச்சேன் அத்த."

அக்காவும் சிரித்தாள். மகளுக்குக் கண் கலங்கிவிட்டது. மருமகன் மட்டும் சிரிக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தான். துண்டை அவிழ்த்து ஒவ்வொன்றாக எடுத்த இடத்திலேயே வைத்தான்.

"வந்த புதுசுல நானும் பொறுக்கியிருக்கேன்" என்றான் தலை நிமிராமல். "ரெண்டு தடவ."

"ரெண்டு தடவயா?"

"மொத தடவ எரியல. ஈரம்னு நெனச்சேன்."

மகள் வாய்விட்டுச் சிரித்தாள். எங்கள் ஊரில் எந்த விறகுதான் ஈரமில்லை?

திரும்பி நடக்கும்போது அவளைக் கேட்டேன். "ஊரு எப்படிம்மா இருக்கு?"

"காயுதுப்பா."

நின்று கணுக்காலில் ஒட்டிய செம்மண்ணைத் தட்டினாள். பிறகு காலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"அட்டை கடிக்கல."

அக்கா முன்னால் போய்க்கொண்டிருந்தாள். கூப்பிட்டேன்.

"தை மாசத்துல வச்சுக்கலாம்க்கா."