கறுப்பு மண்ணுக்கு ஓர் அறை

பல்கலைக்கழகத்தில் கதிர்வீச்சு ஆய்வுகூடம் ஒன்று அமைக்க வேண்டும், வந்து இடத்தைப் பாருங்கள் என்று எனக்கு அழைப்பு வந்தபோது, நான் அதுவரை வீடுகளும் இரண்டு பள்ளிக்கூடக் கட்டடங்களும் ஒரு அரிசி ஆலையும்தான் வரைந்திருந்தேன். அன்புவழிபுரத்தில் எங்கள் வீட்டின் முன்னறைதான் நான் வேலை செய்யும் கந்தோர். கதிர்வீச்சு என்றால் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே அறைக் கதவில் ஒட்டியிருக்கும் மஞ்சள் அடையாளம் என்ற அளவில்தான் எனக்குத் தெரியும். ஏலாது என்று சொல்லிவிடத்தான் போனேன்.

கட்டடம் பழையது. இரண்டு மாடி. பின்பக்க யன்னல்களைத் திறந்தால் துறைமுகமும் நங்கூரமிட்டு நிற்கும் கப்பல்களும் தெரியும். உப்புக்காற்றில் யன்னல் கம்பிகள் செதில் செதிலாக உரிந்திருந்தன. மேல்மாடி வாசலில் ஒரு பெண் எனக்காகக் காத்துக்கொண்டிருந்தாள். பௌதிகவியல் விரிவுரையாளர். கிண்ணியாக்காரி. முப்பதைத் தாண்டி ஓரிரு வயது இருக்கும்.

“நீங்கள்தான் இஞ்சினியரா? நான் ஆம்பிளை ஒராள் வருவார் எண்டு நினைச்சுக்கொண்டு நிக்கிறன்” என்றாள்.

“நானும் கண்ணாடி போட்ட வயசான புரொபெசர் ஒராளைத்தான் நினைச்சுக்கொண்டு வந்தனான்” என்றேன்.

இரண்டு பேரும் சிரித்தோம். ஏலாது என்று சொல்வது அதோடு மறந்து போனது.

அவளுக்கு வேண்டியது என்னவென்று அன்றே விளங்கப்படுத்தினாள். புல்மோட்டைப் பக்கம் கடற்கரை மண் கறுப்பாக இருக்கும். அந்தக் கனிமங்களில் சிலவற்றில் இயற்கையாகவே கொஞ்சம் கதிர்வீச்சு உண்டு. அந்த மண்ணின் மேல் குடியிருக்கிற சனத்துக்கு, அவர்களின் கிணற்றுத் தண்ணீரில், கரையோரத்து மீனில் அது எவ்வளவு இருக்கிறது என்று அளந்து பார்க்க வேண்டும். அதற்கு இந்தப் பக்கத்தில் கருவி இல்லை. மாதிரி மண்ணைக் கொழும்புக்கு அனுப்பிவிட்டு மாதக்கணக்கில் காத்திருப்பாள். மிச்ச மண் பொலித்தீன் பைகளில் கட்டி, இடமில்லாத குறையில், அவளுடைய வீட்டுப் படுக்கையறை அலுமாரியில் அடுக்கியிருந்தது.

“அவர் சொல்லுறார், சாரி வைக்க இடமில்லாத அலுமாரியில மண் வச்சிருக்கிற ஒரே மனிசி நீதானாம்” என்றாள். கணவர் மீன்பிடித் திணைக்களத்தில் வேலை. கலியாணமாகி எட்டு வருடம், பிள்ளையில்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிய வந்தது.

மேல்மாடியில் அவள் காட்டிய அறை சரிவரவில்லை. கருவியைச் சுற்றி ஈயத்தால் ஒரு கூடு வைக்க வேண்டும். அந்தப் பாரத்தை அந்தப் பழைய தளம் தாங்காது. கீழே உடைந்த மேசைகளும் கதிரைகளும் போட்டு வைத்திருந்த மண்டபத்துக்கு இறங்கினோம். அங்கேதான் வேலை தொடங்கியது.

வீடு கட்டும்போது வெயிலையும் மழையையும் வெளியே நிறுத்தினால் போதும். இந்த அறையில் கட்டடத்தையே வெளியே நிறுத்த வேண்டியிருந்தது. சுவரில் இருக்கிற கருங்கல் சல்லியிலிருந்தும் மெல்லிய கதிர்வீச்சு வரும், அது அளவீட்டைக் குழப்பும் என்றாள் அவள். இரவலாக வாங்கிய கையடக்க மானி ஒன்றைப் பிடித்துக்கொண்டு மண்டபம் முழுக்கச் சுவரோரமாக நடந்தாள். நான் பின்னால் சோக்கட்டியால் குறித்துக்கொண்டு போனேன். மிகக் குறைவாகக் காட்டிய மூலை கருவிக்கு. மண்ணைக் காய வைத்து, இடித்து, அரிக்கிற இடம் மறுகோடியில், தூசு இந்தப் பக்கம் வராதபடி தனிக் காற்றுப் போக்கியுடன். கருவியைச் சரிபார்க்கச் சிறிய கதிர்மூலங்கள் சில வரும். அவற்றைப் பூட்டி வைக்கத் தடித்த கொங்கிரீட் சுவருடன் ஒரு சின்ன அறை. அந்தச் சுவருக்கு மறுபக்கம் யார் இருப்பார்கள், மேலே யார் இருப்பார்கள் என்று ஒவ்வொரு கோட்டுக்கும் கேட்க வேண்டியிருந்தது. மேலே கணக்குக் கிளை. அவர்களின் மேசைகளுக்குக் கீழே வராமல் அந்த அறையை நகர்த்தி, நகர்த்தி, படிக்கட்டின் அடியில் கொண்டுபோய் வைத்தோம்.

ஈரமும் உப்பும் கருவியைத் தின்றுவிடும் என்பதால் துறைமுகப் பக்க யன்னல்களை எல்லாம் கட்டி மூடினோம். கடைசி யன்னலுக்குக் கல் வைக்கும்போது அவள் மேசனை நிறுத்தச் சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

வரைபடம் ஒப்புதலாகி வேலையும் பாதிக்கு வந்த பிறகு, ஒரு நாள் போன் எடுத்தாள். அதற்குள் அவள் எனக்குத் தங்கச்சி மாதிரி ஆகியிருந்தாள்.

“அக்கா, என்ர மேசையை உள் அறையில வைக்காம முன்னுக்கு, வாசலுக்குக் கிட்டப் போட ஏலுமா?”

“அது நீங்களே சொன்ன இடம்தானே. வயர் எல்லாம் இழுத்தாச்சு.”

“ஓம். தெரியும்.” பேச்சு நின்றது. “சட்டப்படி தேவையில்லை. ஒரு சாமானும் இன்னும் வரவும் இல்லை. எண்டாலும் முன்னுக்குப் போடுங்கோவன்.”

அந்தத் தயக்கத்தில் எனக்கு விளங்கிவிட்டது. “எத்தினை மாசம்?” என்று கேட்டேன். மறுமுனையில் சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒரு சத்தம் வந்தது.

மேசை முன்னுக்கு வந்தது. அலுமாரி மண்ணும் அந்தக் கிழமையே வீட்டிலிருந்து கட்டடத்தின் வெளிக் களஞ்சியத்துக்குப் போனது. அவள் படியேறும்போது கைப்பிடியைப் பிடித்து ஏறத் தொடங்கினாள். ஒரு நாள் அவளுடைய மாமியார் மகனோடு மத்தியானச் சோறு கொண்டு வந்தார். சிமெந்து ஈரம் காயாத அறைகளை எல்லாம் எட்டிப் பார்த்தார். படிக்கட்டின் அடியில் இருந்த தடித்த சுவரைக் கையால் தட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

ஏழாம் மாதத்தில் பிள்ளை வயிற்றிலேயே இறந்து போனது.

அவளுடைய கணவர்தான் எனக்கு அறிவித்தார். பெண்பிள்ளையாம். அவரே கையில் ஏந்திக்கொண்டு அடக்கம் செய்ய மையவாடிக்குப் போனாராம். அதற்கு மேல் அவரால் கதைக்க முடியவில்லை.

மூன்றாம் நாள் கிண்ணியாவுக்குப் போனேன். அவள் கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். நான் பக்கத்தில் இருந்து முதுகைத் தடவினேன். திரும்பவில்லை, ஆனால் என் கையை இழுத்துத் தன் கன்னத்துக்கு அடியில் வைத்துக்கொண்டாள். அப்படியே கனநேரம் இருந்தேன்.

வெளியே வந்தபோது விறாந்தையில் நாலைந்து பெண்கள் இருந்தார்கள். நடுவில் மாமியார். என்னைக் கண்டதும் அவருடைய முகம் மாறியது.

“அந்த அறைக்குள்ள போகாம இருந்தா என்ர பேரப்புள்ள இருந்திரிக்கும்” என்றார்.

“உம்மா, அங்க இன்னும் ஒண்டுமே கொண்டு வரேல்லை. வெறும் அறைதான். சீமெந்தும் கல்லும்தான் இருக்கு” என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபமாகக் கேட்கவில்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்பியவர் மாதிரித்தான் கேட்டார்.

“ஒண்டும் இல்லாத அறைக்கு ஏன், மகள், அவ்வளவு மொத்தமான சுவர்?”

அந்தச் சுவர் ஏன் அவ்வளவு தடிப்பு என்பதைக் கணக்குப் போட்டுக் காட்ட என்னால் முடியும். பிள்ளையைப் புதைத்து மூன்று நாள் ஆகாத வீட்டில் அந்தக் கணக்கை யாருக்குச் சொல்வது? தேத்தண்ணி கொண்டு வந்து தந்தார்கள். குடித்துவிட்டு பஸ் ஏறினேன். கிண்ணியாப் பாலம் தாண்டும்வரை அந்தக் கேள்விதான் காதுக்குள் இருந்தது.

கதை ஊர் முழுக்கப் பரவியது. மேல்மாடிக் கணக்குக் கிளையில் வேலை செய்பவர்கள், தங்களை வேறு கட்டடத்துக்கு மாற்றும்வரை கீழே வேலை நடக்கக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். மேசன்மாரில் இருவர் வராமல் நின்றுவிட்டார்கள். அவர்களில் ஒருவனுக்குப் புதிதாகக் கலியாணம் ஆகியிருந்தது. அவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

விடுமுறை முடிந்து அவள் வேலைக்கு வந்த அன்று கூட்டம் கூட்டினார்கள். மெலிந்திருந்தாள். எழுந்து நின்று, எது எவ்வளவு வரப்போகிறது, எந்தச் சுவர் எதைத் தடுக்கும், மேலே இருப்பவர்களுக்கு ஏன் ஒன்றும் இல்லை என்பதை எல்லாம் வகுப்பில் சொல்வது மாதிரி நிதானமாகச் சொன்னாள். நான் வரைபடத்தை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். முடிந்ததும் கணக்குக் கிளையிலிருந்து வந்திருந்த ஒரு வயதான பெண் மெல்லச் சொன்னார்:

“மிஸ், நீங்கள் படிச்சனீங்கள். ஆனா உங்களுக்கே இப்பிடி நடந்திட்டுதே.”

கெட்ட எண்ணத்தில் சொன்னதல்ல. ஆனாலும் நான் அவளைப் பார்க்கப் பயந்து வரைபடத்தைப் பார்த்தேன்.

“ஓம் அக்கா, நடந்தது” என்றாள். “நடக்கேக்க அந்த அறைக்குள்ள ஒண்டும் இருக்கேல்லை. நான் பொய் சொல்லுவனா? என்ர பிள்ளையின்ர விஷயத்தில நான் பொய் சொல்லுவனா?”

அந்தப் பெண் எழுந்து வந்து அவளுடைய கைகளைப் பிடித்துக்கொண்டார். அதன் பிறகு எதிர்ப்புத் தணிந்தது. மேசன்மார் இருவருக்குப் பதிலாகத் தம்பலகாமத்திலிருந்து வேறு ஆட்கள் வந்தார்கள். ஆய்வுகூடம் கட்டி முடிந்தது.

கருவி பெட்டியில் வந்து இறங்கி, ஈயக் கூடு அடுக்கி, கொழும்பிலிருந்து ஆட்கள் வந்து ஓட விட்டுப் பார்த்துப் போனார்கள். இரண்டு கிழமை கழித்துச் சனிக்கிழமை காலையில் என்னை வரச் சொன்னாள். சுவரில் எங்கேயோ ஈரம் கசிகிறது போல என்றுதான் நினைத்துப் போனேன். அவளுடைய மேசையில், முன்பு வீட்டு அலுமாரியில் இருந்த மண் பைகள் வரிசையாக இருந்தன. எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக அளந்து முடித்திருந்தாள். கடதாசி முழுக்கப் பென்சில் கணக்கு. கட்டிலுக்கும் அலுமாரிக்கும் உள்ள தூரம், தூங்கிய நேரம், அந்த மாதங்கள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கூட்டத்தில் நிமிர்ந்து நின்று பேசியவள், அறையைப் பற்றி ஒரு பொழுதும் சந்தேகப்படவில்லை. அவளுடைய பயம் முழுவதும் அந்தப் பைகளில்தான் இருந்திருக்கிறது. அதை ஒருவருக்கும் சொல்லாமல், கருவி வரும்வரை தனக்குள்ளேயே வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறாள்.

“என்ன காட்டுது?” என்று கேட்டேன்.

“ஒண்டும் இல்லை அக்கா. மலைநாட்டில கருங்கல் வீட்டில இருக்கிற ஒரு பொம்பிளைக்குக் கிடைக்கிறதை விடக் குறைவு. மூண்டு தரம் செய்து பாத்திட்டன். இதால இல்லை.”

“அல்லாவே எண்டு சந்தோசப்படுங்கோ.”

அவள் தலையாட்டினாள். பிறகு மேசையில் கவிழ்ந்து அழத் தொடங்கினாள். வீட்டில் சுவர்ப்பக்கம் படுத்திருந்த நாளில்கூட அவள் அப்படி அழுது நான் பார்க்கவில்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, மூச்சு எடுக்க ஏலாமல் அழுதாள்.

“இதாலதான் எண்டு இருந்திருந்தா என்னையாவது கோவிச்சிருப்பன் அக்கா. இப்ப ஆரைக் கோவிக்கிறது? ஏன் போனவள் என்ர பிள்ளை?”

டொக்டர்மாரும் காரணம் தெரியவில்லை என்றுதான் சொல்லியிருந்தார்கள். யன்னல் இல்லாத அந்த அறையில் குளிரூட்டியின் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. அவளைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்தேன். கட்டடத்துக்குப் பின்னால், மூடிய யன்னல்களுக்குக் கீழே ஒரு கல்லில் இருந்தோம். துறைமுகத்துக்குள் ஒரு கப்பல் மெல்ல வந்துகொண்டிருந்தது. அதைக் கரையில் கட்டி முடியும்வரை பார்த்துக்கொண்டிருந்தோம்.

கணக்கைக் கணவருக்குக் காட்டினாளாம். அவர் படித்துவிட்டு மடித்துத் திருப்பிக் கொடுத்தாராம். மாமியாருக்கு அவள் ஒன்றும் சொல்லவில்லை. “அவவுக்காவது கோவிக்க ஒரு சுவர் இருக்கட்டும்” என்றாள். பிறகு மாமியார் பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் இயங்காமல் விழுந்தபோது இரண்டு வருடம் தூக்கிக் குளிப்பாட்டியவள் அவள்தான். அவளுக்கு அதன் பிறகு பிள்ளை தங்கவேயில்லை.

ஆய்வுகூடம் இப்போது ஓடுகிறது. மின்வெட்டுக் காலத்திலும் ஓடியது. பட்டமேற்படிப்புப் பிள்ளைகள் வருகிறார்கள். போன வருடம் அவர்களில் ஒருத்தி, தம்பலகாமத்துப் பிள்ளை, கலியாணம் கட்டிய கையோடு கர்ப்பமானாள். அவளை வீட்டிலிருந்து எழுதும் வேலையைச் செய்யச் சொல்லிவிட்டு, அவளுடைய மண்ணை எல்லாம் இவளே இடித்து அரித்துக்கொண்டிருந்தாள். காற்றுப் போக்கியில் ஏதோ கோளாறு என்று பார்க்கப் போன நான் அதைக் கண்டேன்.

“கணக்குப்படி தேவையில்லைத்தானே?” என்றேன்.

“தேவையில்லை.” அரிதட்டைத் தட்டிக்கொண்டே சொன்னாள். “ஆனா ஏதும் நடந்திட்டா, அவவும் என்னை மாதிரி இருந்து காரணம் தேடக்கூடாது அக்கா.”

ஒன்றும் நடக்கவில்லை. ஆண்பிள்ளை, சுகமாகப் பிறந்தது. பார்க்கப் போவோமா என்று கேட்டேன். ஒரு சின்னப் பையில் சவர்க்காரமும் பவுடரும் இரண்டு சட்டையும் போட்டு என் கையில் தந்தாள். நான் தனியாகத்தான் தம்பலகாமத்துக்குப் போனேன். வயல் முழுக்கத் தண்ணீர் நின்றது. பிள்ளையை மடியில் தந்தார்கள், நல்ல பாரம்.

“மிஸ் ஏன் வரேல்லை?” என்று பெற்றவள் கேட்டாள்.

“வேலை கனக்க” என்றேன். அது பொய்யில்லை. அந்த நேரம் அவள் ஆய்வுகூடக் கதவைச் சாத்திவிட்டு இவளுடைய மண்ணைத்தான் அரித்துக்கொண்டிருப்பாள்.