போட்டோ கஞ்சன்

போன் ரிப்பேர்காரருக்குச் சொந்தக்காரர்கள் வைத்த பெயர் போட்டோ கஞ்சன். இருபது வருஷம் அடுத்தவர் போனைப் பிரித்தவர். எந்த வீட்டு ரகசியம் எந்த ஓட்டை வழியாக ஒழுகும் என்று அவருக்கு அத்துப்படி. கடைக்கு வருபவர்கள் பூட்டைத் திறக்கும் எண்ணைத் துண்டுச் சீட்டில் எழுதி, போனின் முதுகிலேயே ஒட்டித் தருவார்கள். அவர் சீட்டைப் பிய்த்துத் திருப்பிக் கொடுப்பார்.

"நீங்களே திறங்க. வேலை முடியற வரை பக்கத்துலயே உட்காருங்க."

உட்காரப் பொறுமை இல்லாதவர்கள் வேறு கடைக்குப் போனார்கள். போகட்டும் என்று விட்டுவிட்டார்.

பேத்தியின் படம் ஒன்றைக்கூட அவர் வெளியே விட்டதில்லை. அவருடைய தங்கைக்கு, அதாவது மகளின் அத்தைக்கு, அதுதான் ஆறாத எரிச்சல். காலில் அடிபட்டால்கூட முதலில் படம் எடுத்துப் போட்டுவிட்டுத்தான் மருந்து தேடுகிறவள் அத்தை.

"ஏண்ணா, பிள்ளை மூஞ்சி தேய்ஞ்சா போயிடும்?"

"உன் பக்கத்தை எத்தனை பேர் பார்க்கறாங்க?"

"நாலாயிரம்! எல்லாம் நம்ம ஆளுங்க."

"நாலு பேர் பேரைச் சொல்லு, பார்ப்போம்."

அத்தை இரண்டோடு நின்றாள். அதில் ஒன்று திரைச்சீலை விற்கும் கடை.

பிறகு பெரிய மனது பண்ணி, பேத்தியின் முகத்தை மட்டும் மஞ்சள் சிரிப்புப் பொம்மையால் மூடிப் படம் போட்டாள். கீழே, "எங்க வீட்டுக் கட்டெறும்பு, ரெண்டாம் கிளாஸ்." சட்டைப் பையிலோ பள்ளியின் பெயர் கொட்டை எழுத்தில். முகத்தை மூடினால் குழந்தையே மறைந்துவிடும் என்று நம்புகிற மூளையை நாலாயிரம் பேர் ரசித்தார்கள். அவர் நேரில் போய் அழிக்க வைத்தார். அடுத்த வாரமே அதே சட்டை, வேறு படம்.

ஒரு திங்கட்கிழமை காலை அவர் ஆஸ்பத்திரியில் இறந்தார். மகள் உள்ளே கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். அத்தை வராந்தாவில் நின்று, தான் அழுவதைப் படம் எடுத்தாள். முதல் படம் சரியாக வரவில்லை. மறுபடி அழுதாள். "என் அண்ணன் போயிட்டார். ஸ்கூல்ல இருக்கற கட்டெறும்புக்கு இன்னும் தெரியாது" என்று எழுதிப் போட்டாள்.

மதியம் பள்ளியிலிருந்து மகளுக்குப் போன். வாசலில் ஒருவன் வந்து, "தாத்தா தவறிட்டார், கட்டெறும்பைக் கூட்டிட்டு வரச் சொன்னாங்க" என்றானாம். வீட்டில் கூப்பிடும் பெயரைக் கேட்டதும் குழந்தை பையை மாட்டிக்கொண்டு எழுந்துவிட்டாள். காவலாளிதான் பதிவேட்டைப் புரட்டினார். அழைத்துப் போகலாம் என்று அம்மா, தாத்தா, சின்னப் பாட்டியான அத்தை, மூன்றே பேர், படத்தோடு. தாத்தா கொடுத்து வைத்தது. அடையாள அட்டையைக் கேட்டதும் வந்தவன் வண்டியைக் கிளப்பிக்கொண்டு ஓடிவிட்டான்.

மகள் நடந்ததைச் சொல்லி, அத்தையின் போனை அத்தை முன்னாலேயே நீட்டினாள்.

"அழிங்க."

"முன்னூறு பேர் அழுதிருக்காங்கடி. அதை எப்படி அழிக்கறது?"

"விரலால."

"எவனோ வந்ததுக்கு நானா பொறுப்பு? அப்படியே உங்கப்பன் பேச்சு."

அத்தை அழித்தாள். அழித்த கையோடு இன்னொன்று போட்டாள்: "துக்க வீட்டிலும் மனசாட்சி இல்லாதவர்கள் இருக்கிறார்கள்."

மகள் பள்ளிக்குப் போனாள். குழந்தையை மடியில் உட்காரவைத்துக்கொண்டு பதிவேட்டைக் கேட்டாள். முதலில் அத்தையின் பெயரை அடித்தாள்.

"காரணம் எழுதணும்மா" என்றார் எழுத்தர்.

"போன் வச்சிருக்காங்கன்னு எழுதுங்க."

எழுத்தர் தயங்கினார். "அப்பா பேரு... அது பாட்டுக்கு இருக்கட்டுமா?"

அலுவலகக் கணினிகளைக் காப்பது அவள் வேலை. வேலையை விட்டுப் போனவர்களின் கணினிக் கணக்கை அன்றைக்கே மூடுகிறவள்.

"இல்லாதவர் பேரைச் சொல்லிக்கிட்டு யாராவது வருவாங்க சார்" என்றாள்.

அப்பாவின் பெயர் மேல் அவளே கோடு போட்டாள். நேராக வரவில்லை.