டீ குடிக்கப் போன நேரத்தில் மாட்டிய ஸ்பீக்கர்

காரில் பாட்டு போடும்போதெல்லாம் நீங்கள் இரண்டு பேரும் என் முகத்தைப் பார்த்துச் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், பரவாயில்லை. ஆனால் நடந்ததை உங்கள் மாமன் வாயால் மட்டும் கேட்டு வைத்துக்கொள்ளக் கூடாது. அவன் ஒன்றை மூன்றாக்கிச் சொல்வான். அதனால் நானே எழுதுகிறேன். பத்தாவதோடு படிப்பை விட்டு மெஷின் பக்கம் போனவன் நான். எழுத்தில் தப்பிருந்தால் பெரியவளே, நீ திருத்திக்கொள்.

நம் கார் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. விற்ற ஆள் மேல் எனக்கு முதல் வாரத்திலேயே சந்தேகம் வந்துவிட்டது. ரிவர்ஸ் எடுத்தால் சென்சார் கத்தும் என்று சொல்லித்தான் விற்றான். எனக்குத் தெரிந்து ஒரு நாளும் அது கத்தவில்லை. எதிர்வீட்டு மதிலில் பின்பக்கம் உரசியபோது போன் போட்டுக் கேட்டேன். "எல்லாம் வேலை செய்யுதுண்ணா, செக் பண்ணித்தான் குடுத்தேன்" என்றான். விற்றவன் வேறு எப்படிச் சொல்வான்?

அதில் கம்பெனி வைத்த ஸ்பீக்கர் கதவுக்கு ஒன்று. பாட்டு போட்டால் தண்ணீர் டாங்கிக்குள் உட்கார்ந்து யாரோ பாடுவது போல இருக்கும். ஞாயிற்றுக்கிழமை பீச்சுக்குப் போகும்போது நீங்கள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வீர்கள். உங்கள் அம்மாதான், "என் தம்பி கடையிலயே மாத்திடலாங்க, வெளி ஆள்கிட்ட எதுக்குப் போவணும்?" என்றாள். தவளக்குப்பம் ஜங்ஷனில் சீட் கவர், கார் செட்டு எல்லாம் போடுகிறானே, அந்த மச்சான்தான். வெளி ஆளிடம் போயிருந்தால் நிம்மதியாகச் சண்டை போட்டிருக்கலாம் என்று பிறகு நினைத்தேன்.

கடையில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக் காருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். தொழிற்பேட்டையில் இத்தனை வருஷம் இருந்தவனுக்குத் தெரியாதா, ஒரிஜினல் பெட்டியில் டூப்ளிகேட் உருப்படி வைப்பது எவ்வளவு சுலபம் என்று? மச்சானுக்கு அது பிடிக்கவில்லை.

"இன்னா மாமா, பேங்க் வாசல்ல துப்பாக்கி புடிச்சினு உக்காந்திருக்கறவரு மாதிரி உக்காந்திருக்கீங்க?"

"சும்மா வேடிக்கை பாக்கறேன் மச்சான். நீ வேலையப் பாரு."

கதவின் உள்பலகையைக் கழற்றினான். பழைய ஸ்பீக்கரை எடுத்துக் காட்டினான். காகிதக் கூம்பு நைந்து போயிருந்தது. புதியதைப் பெட்டியிலிருந்து என் கண் முன்னால் எடுத்து மாட்டினான். "இது கதவுல. பாட்டோட ஒடம்பு இதுல வரும். கண்ணாடி மூலையில சின்னதா ஒண்ணு வெப்பேன், ட்வீட்டர்னு பேரு. சலங்கை, தாளம், சன்ன சத்தம் எல்லாம் அதுலதான் வரும். டேஷ்போர்டுக்கு கீழ இந்த பின்னு இருக்கு பாருங்க, இதப் புடுங்கினா ட்வீட்டர் ஆஃபு. கால் பட்டுச்சுன்னா கயண்டுக்கும், பாத்துக்கங்க" என்றான்.

அதற்குள் என்னோடு வந்திருந்த சின்னவன் தண்ணீர் வேண்டும் என்று அழுதான். ரோட்டைத் தாண்டிப் பாட்டில் வாங்கிக் கொடுத்து, அங்கேயே ஒரு டீயும் குடித்துவிட்டு வந்தேன். வந்து பார்த்தால் ட்வீட்டர் இரண்டும் மாட்டி, கதவும் மூடியாகிவிட்டது.

"நான் வர்றதுக்குள்ள இன்னா அவசரம்?"

"வேல ஓடுது மாமா. நீங்க டீ குடிச்சா நானும் நிறுத்தணுமா?"

அங்கேதான் எனக்கு முள் தைத்தது. மறுநாள் வேலைக்குப் போகும்போது பாட்டு போட்டேன். டாங்கிச் சத்தம் போய், பாட்டு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கண்ணாடி மூலையில் ஒன்றும் வரவில்லை. சிக்னலில் வண்டி நின்றபோது ட்வீட்டர் வலையில் காதை ஒட்டி வைத்தேன். ஒன்றுமே இல்லை. வெறும் மூடியை ஒட்டி வைத்த மாதிரி இருந்தது.

சாயந்திரம் வீட்டுக்கு வந்து உங்கள் அம்மாவைக் கூப்பிட்டுக் கேட்க வைத்தேன். "நல்லா கேக்குதே" என்றாள். பெரியவளே, உன்னைக் கூப்பிட்டேன். "சலங்கை சூப்பரா வருதுப்பா" என்றாய்.

"இந்தப் பாட்டுல சலங்கையே இல்ல."

"முழுக்க இருக்குப்பா!"

நீயும் அம்மாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டீர்கள். அந்தப் பார்வையை வைத்து நான் ஒரு கணக்குப் போட்டேன். அவள் அவன் அக்கா. நீ அவனிடம் போனுக்கு ஸ்டிக்கர் வாங்குகிற மருமகள். இந்த வீட்டில் எல்லோரும் அவன் கட்சி. எனக்காகச் சொல்ல ஆளில்லை. ஏமாந்தது தெரிந்தால் நான் கத்துவேன் என்று மூடி மறைக்கிறீர்கள் என்றே நினைத்தேன்.

மச்சானுக்குப் போன் போட்டேன். "ட்வீட்டர் பெட்டிய எடுத்து வை. நான் பாக்கணும்" என்றேன்.

"மாமா, எங்க அக்கா ஏறுற வண்டியில நான் டூப்ளிகேட் வெப்பனா? இப்புடி ஒரு சந்தேகம் இருந்தா அவ்ளோ பேர் முன்னால என் மடியில எதுக்குப் புள்ளய உக்கார வெக்கிறீங்க? நான் வரல" என்று வைத்துவிட்டான்.

அடுத்த வாரம் வீராம்பட்டினம் கோயிலில் சின்னவனுக்கு மொட்டை போட்டுக் காது குத்துவதாக இருந்தது. சொந்தக்காரர்களுக்கெல்லாம் சொல்லியாகிவிட்டது. தாய்மாமன் மடியில் உட்கார வைக்காமல் நம் பக்கம் யார் காது குத்துகிறார்கள்? உங்கள் அம்மாவுக்குக் கூடப் பிறந்தவன் அவன் ஒருத்தன்தான். அவள் என்னோடு பேசுவதை நிறுத்தினாள். தட்டை வைப்பாள், போய்விடுவாள். ஒரு தடவை மட்டும் சொன்னாள்: "அவன் திருடன்னு கையில எதாச்சும் இருந்தா காட்டுங்க. நானே அவன வர வேணாங்கறேன். இல்லன்னா போய்க் கூட்டினு வாங்க."

கையில் எதையாவது காட்ட வேண்டும். அதற்காகத்தான் பெரியவளே, அந்தச் சனிக்கிழமை சாயந்திரம் உன்னைப் பின்சீட்டில் உட்கார வைத்தேன். விளையாட்டு என்று சொன்னேன். விளையாட்டில்லை, உன்னைப் பிடிக்க வைத்த பொறி அது. உன் அம்மா துப்பட்டாவால் கண்ணைக் கட்டினேன். முன்னால் குனிந்து டேஷ்போர்டுக்குக் கீழே கையை விட்டேன். பொய் சொல்கிறவள் எங்காவது மாட்டுவாள் அல்லவா?

பின்னைப் பிடுங்கினேன். "இப்ப?"

"அய்ய, போர்வை போத்தின மாதிரி ஆயிடுச்சு."

மாட்டினேன். "இப்ப?"

"சலங்கை வந்துடுச்சு."

குருட்டு யோகமாக இருக்கும் என்று நினைத்தேன். பிடுங்காமல் விரலால் வெறுமனே உரசிச் சத்தம் காட்டினேன். "இப்ப?"

"ஏம்ப்பா, ஒண்ணுமே மாறலயே. ஏமாத்துறீங்களா?"

திரும்பத் திரும்பச் செய்தேன். ஒரு தடவைகூட நீ தப்பாகச் சொல்லவில்லை. சின்னவனையும் கண்ணைக் கட்டி உட்கார வைத்தேன். அவனும் கையைத் தட்டித் தட்டிச் சரியாகச் சொன்னான். பின்னைப் பிடுங்கினபோதும் மாட்டினபோதும் எனக்கு மட்டும் பாட்டு ஒரே மாதிரிதான் இருந்தது.

கட்டை அவிழ்த்தபோது உன்னிடம் கேட்டேன், நினைவிருக்கிறதா? "ரிவர்ஸ் எடுக்கறப்போ சென்சார் கத்துமா?"

"கத்தாம? பீப் பீப்னு உயிர வாங்கும். நீங்கதான்பா கண்டுக்கவே மாட்டீங்க."

அப்படியே ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். தகடு வெட்டும் மெஷின் பக்கத்தில் நின்ற வருஷங்கள், கூப்பிட்டால் திரும்புவதில்லை என்று அம்மா சொல்லும் குறை, குக்கர் எத்தனை விசில் என்று வீட்டில் நடக்கும் சண்டை, எல்லாம் ஒவ்வொன்றாக வந்து நின்றன. எல்லோரையும் சந்தேகப்பட்டேன். தலையின் இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டிருந்ததை மட்டும் சந்தேகப்படவில்லை.

மறுநாள் தவளக்குப்பம் போனேன். மச்சான் நிமிரவே இல்லை.

"செட்டு நல்லா இருக்கு மச்சான்" என்றேன்.

அவன் கையிலிருந்த ஸ்குரூ டிரைவரை வைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தான். இப்போது சந்தேகம் அவனுக்கு. "இன்னா திடீர்னு? வேற எவன்கிட்டயாச்சும் காட்டினீங்களா?" டார்ச்சை எடுத்துக்கொண்டு வந்து டேஷ்போர்டுக்குக் கீழே பார்த்தான். "ட்வீட்டர் பின்ன எவனோ நோண்டியிருக்கான் மாமா. உண்மைய சொல்லுங்க, எந்தக் கடை?"

"நான்தான் நோண்டினேன்" என்று நடந்ததைச் சொன்னேன். காது விஷயத்தையும் சொன்னேன். வேறு வழியில்லை.

கேட்டுவிட்டு டார்ச்சை அணைத்தான். "அக்காகிட்ட சொன்னீங்களா?"

"இல்ல."

"சொல்லுங்க. டாக்டர்கிட்ட காட்டுங்க." பிறகு அவன் குணம் திரும்பிவிட்டது. "அப்ப ட்வீட்டர் உங்களுக்கு வேஸ்ட்டுதானே மாமா? கயட்டிக்கட்டுமா?"

"கைய வெச்சுப் பாரு."

"சரி, புள்ளைக்கு மொட்டை எத்தன மணிக்கு?"

அவ்வளவுதான். காது குத்தும்போது சின்னவனே, நீ அவன் மடியில் துள்ளியதும், அவன் புதுச் சட்டையைக் கடித்ததும் போட்டோவில் இருக்கிறது. அதற்குப் பிறகு அம்மா என்னைக் காது டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். போன சத்தம் வராது, இருக்கிறதைக் காப்பாற்றலாம் என்றார். இப்போது மெஷின் பக்கத்தில் காதடைப்பு இல்லாமல் நான் நிற்பதில்லை. நீங்களும் இயர்போனை அவ்வளவு சத்தமாக வைத்துக் கேட்காதீர்கள். இதை மட்டும் சிரிக்காமல் படியுங்கள்.

கோயிலிலிருந்து திரும்பும்போது பெரியவளே, நீ முன்சீட்டில் உட்கார்ந்து, "அப்பா, இப்ப சலங்கை வருது... இப்ப நின்னுடுச்சு..." என்று எனக்குச் சொல்லிக்கொண்டே வந்தாய். நீ சொன்னதை நான் நம்பினேன். இப்போதும் நம்புகிறேன்.

ஆனால் கதவுக்குள் போகிற வயரையும் புதிதாக மாற்றினேன் என்கிறான் உங்கள் மாமன். அதை நான் பார்க்கவில்லை. அப்போது டீக்கடையில் இருந்தேன்.