நொசகேலே வீட்டுச் சுவர்

என் பெண்டாட்டி வுயிஸ்வா ஒரு இடத்தில் உட்கார மாட்டாள். எங்கள் கல்யாணப் படத்திலேயே அவள் கால் ஒன்று வாசல் பக்கம் திரும்பியிருக்கும். பத்தொன்பது வருஷம் தையல் ஆலையில் நின்றாள். ஆலையை மூடின மறுவாரமே, எங்கள் ஊர் ம்தாந்த்சானேயில், எங்கள் தெருவிலேயே பூட்டிக் கிடந்த பால்வாடிக் கட்டடத்தைக் கேட்டு வாங்கி, சர்ச் பேண்டில் பழகின ட்ரம்பெட்டை வைத்துக்கொண்டு இசைப்பள்ளி ஆரம்பித்துவிட்டாள். "பசங்க தெருவுல சும்மா நிக்கிதுங்க, பாக்கச் சகிக்கல" என்றாள். இன்றைக்கு நாற்பது பிள்ளைகள். நான் வேன் ஓட்டுகிறவன். பள்ளிக்கு நாற்காலி சுமப்பதும் நான்தான், கேட்பார் இல்லை.

பள்ளிக்கும் பக்கத்து நொசகேலே அம்மா வீட்டுக்கும் ஒரே சுவர். அவள் புருஷன் சொன்ஜிகா ராத்திரிக் காவலாளி, பகலில்தான் தூக்கம். லிஹ்லே என்கிற பதினேழு வயதுப் பெண் ட்ரம்பெட்டில் ஒரு உச்ச சுரத்தை எட்டாமல் கோட்டை விடும்போதெல்லாம் அந்தப் பக்கத்திலிருந்து துடைப்பக்கட்டை இடிக்கும். டம் டம் டம்! மூன்று வருஷமாக இதே கூத்து. "அந்தக் கிழவிக்குக் காதா, கத்தியா?" என்று வுயிஸ்வா பல்லைக் கடிப்பாள்.

போன ஞாயிற்றுக்கிழமை சொன்ஜிகா செத்துப்போனார். சனிக்கிழமை அடக்கம். அதுவரைக்கும் துக்க வீட்டு ஜெபப் பாட்டைத் தவிர தெருவில் வேறு பாட்டு கூடாது. ரேடியோவைக்கூட வாயைப் பொத்தித்தான் வைப்போம். ஆனால் வெள்ளிக்கிழமை காலை பரீட்சை! வருஷத்துக்கு ஒருமுறைதான் பரீட்சைக்காரர் எங்கள் கூடத்துக்கு வருவார். தேறினால்தான் லிஹ்லேக்குக் கல்லூரியில் இடம். இல்லாவிட்டால் கோழிக்கடை வேலை. அவள் அம்மா பேசி வைத்தாயிற்று.

"தேதியத் தள்ளிப்போடச் சொல்லேன்" என்றேன்.

"கேட்டாச்சு. முடியாதாம்."

"அப்ப நொசகேலேகிட்ட கேளு."

"புருஷனப் பறிகொடுத்துட்டுத் தரையில மெத்தையப் போட்டு உக்காந்திருக்கா. அவகிட்டப் போயி என் காரியத்தப் பேசவா? உனக்கு மூளை இருக்கா, லுங்கிசா?"

வேறு வழியில்லாமல் லிஹ்லே என் வேனின் பின் சீட்டில் ஊதிப் பழகினாள். ஸ்டேடியம் வளைவு வந்தால் போதும், உச்சம் சறுக்கும்.

"டிரைவர், அந்தப் பிள்ளைய இறக்கு, இல்ல என்னைய இறக்கு!" என்றார் பயணி ஒருத்தர்.

"பொறுய்யா, அடுத்த ஸ்டாப்புக்குள்ள புடிச்சிருவா!" என்றாள் முட்டைக் கூடைக்காரி.

வுயிஸ்வா தினமும் துக்க வீட்டுக்குப் போனாள். முட்டைக்கோஸ் நறுக்கினாள், உருளைக்கிழங்கு உரித்தாள். அப்புறம் அந்த மெத்தைப் பக்கத்தில் போய் இருந்தாள்.

"கேட்டியா?"

"இல்ல."

"நாலு நாளா அங்க என்னதான் பண்ற?"

"உக்காந்திருக்கேன்."

விடிந்தால் பரீட்சை.

வெள்ளிக்கிழமை. பரீட்சைக்காரர் பேனாவைத் திறந்துவிட்டார். வுயிஸ்வா வாசலுக்கும் ஜன்னலுக்குமாக நடந்தாள். கடைசியில் என் காதில், "ஊதச் சொல்ல எனக்கு வாய் வரல. அவரத் திருப்பி அனுப்பிடறேன்" என்றாள்.

"உன் மரியாதைக்கு அந்தப் பொண்ணு கோழி உரிக்கணுமா?" என்று கத்திவிட்டேன். லிஹ்லே ட்ரம்பெட்டை மடியில் வைத்துக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டாள்.

அந்த நேரம் நொசகேலேயின் மகள் போர்வையைப் போர்த்தியபடி உள்ளே வந்தாள்.

"ஏன்க்கா இன்னும் ஆரம்பிக்கல? அம்மா கேக்கச் சொன்னாங்க. பதினோரு மணிக்குப் பாதிரியார் வர்றாராம், அதுக்குள்ள முடிச்சிருங்க."

"அம்மாவுக்கு யாரு சொன்னா?"

"தெருவுக்கே தெரியும். நீங்களாக் கேப்பீங்கன்னு நாலு நாளாப் பாத்துட்டிருந்தாங்க." அவள் லிஹ்லே பக்கம் திரும்பினாள். "இன்னொண்ணும் சொல்லச் சொன்னாங்க. செவுத்த இடிச்சது அவங்க இல்லியாம். அப்பாதானாம். தூங்காம நீ ஊதுறதையே கேட்டுட்டுக் கெடப்பாராம். 'அந்த எடத்துக்கு முன்னாடி மூச்சு எடுக்க மாட்டேங்குறா'ன்னு கட்டைய எடுப்பாராம்."

வுயிஸ்வா சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். பரீட்சைக்காரர் தலையசைத்தார்.

லிஹ்லே எழுந்து ஊதினாள். அந்த இடம் வந்தது. எங்கள் கண்ணெல்லாம் சுவர் மேல். அவள் ஒரு நொடி நின்று மூச்சு எடுத்தாள்.

அன்றைக்கு அவள் சறுக்கவில்லை. சறுக்கியிருந்தாலும் இடிக்க ஆள் இல்லை.