காகித விளக்கும் கதையும்

கனடாவின் மில்லிக்கனில் ஒரு பள்ளி நூலகம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருக்கும் என்னை, இங்கே உதவி ஆசிரியையாக இருக்கும் மச்சாள் வதனி கூட்டி வந்திருக்கிறாள். சீன வம்சாவளிச் சிறுவர் எழுத்தாளர் லின், கனடாவுக்கு ரயில் பாதை போட வந்த சீனக் கூலியாட்களின் கதையை வாசிக்கிறார். அதில் வரும் இரு சகோதரரில், பாறையில் வெடி வைக்கப் போன தம்பி திரும்பி வரவில்லை. பிள்ளைகள் இன்னும் கிட்ட நகர்ந்து உட்கார்கிறார்கள்.

துணை அதிபர் எழுந்து கைதட்டுகிறார். "சோகம் போதும். இனிச் சீனப் புத்தாண்டுக்குச் சிவப்பு விளக்குச் செய்வோமா?"

"என்னைக் கதை சொல்லத்தானே கூப்பிட்டீர்கள்?" லின்னின் முகம் சிவந்துவிட்டது. துணை அதிபரோ பிள்ளைகளுக்குக் காகிதம் கொடுக்கத் தொடங்கிவிட்டார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. "உந்த மனுசன் ஏன் இப்பிடி?"

"எங்களுக்கும் உதுதான்," என்கிறாள் வதனி. " தைப்பொங்கலுக்குச் சேலை கட்டி வா, பொங்கின புக்கை கொண்டு வா எண்டுவினம். ஏன் ஓடி வந்தனாங்கள் எண்டு சொல்ல வெளிக்கிட்டால், பிள்ளையள் பயந்திடுமாம்!"

சொன்ன வேகத்தில் எழும்பிப் போய், துணை அதிபரின் கையிலிருந்த காகிதக் கட்டை வாங்கி மேசையில் போடுகிறாள். "அண்ணன் தம்பியைத் தேடிப் போனானா?" என்று லின்னிடம் ஆங்கிலத்தில் உரக்கக் கேட்கிறாள்.

லின் புத்தகத்தைத் திறந்து, விட்ட இடத்திலிருந்து வாசிக்கிறார். துணை அதிபர் முறைக்கிறார். மச்சாள் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து கதை கேட்கிறாள்.